குட்டியின் காலைப் பிடிக்கும் முன்

அலசூர், பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்பு மகள் பூங்கொடிக்கு,

இங்கே நலம். அம்மாவின் மூட்டுவலிதான் மழைக்கு முன்பே வந்துவிட்டது. நேற்று நீ சொன்ன ஏழு மாதக் குதிரைக் குட்டியின் கதை என்னைத் தூங்கவிடவில்லை. குளம்பு சீவும்போது துள்ளியது, நான்கு பேர் பிடித்து மேலுதட்டில் கயிறு முறுக்கி வேலையை முடித்தோம் என்றாய். வேலை முடியவில்லையம்மா. அடுத்த முறை சீவ வருகிறவருக்கு அதை இரட்டிப்பாக்கி வைத்திருக்கிறீர்கள்.

ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் பட்டம் வாங்கியவளுக்கு லாடம் அடித்தவன் பாடம் நடத்துவதா என்று அம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

உதட்டைக் கயிற்றால் முறுக்கினால் முதல் சில நிமிடம் நாடி இறங்கும், குட்டி சாந்தமாகிவிட்டது போலத் தெரியும். நேரம் போகப் போக நாடி ஏறும். அவசரத்தில் தையல் போட வேண்டுமென்றால் சரி. சில வாரங்களுக்கு ஒருமுறை வரும் குளம்பு வேலைக்கு அது எதற்கு? காதை முறுக்க மட்டும் யாரையும் விடாதே. பிறகு தலைப்பக்கம் கையே கொண்டுபோக முடியாது.

தாயிடமிருந்து பிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று நீ சொல்லவில்லை. பயந்தால் ஓடுவதுதான் குதிரைக்குத் தெரிந்த முதல் வழி. ஒரு காலை நாம் பிடித்துக்கொண்டால் அதுவும் அடைபட்டது. ஆனால் துள்ளும் முன் அது சொல்லிவிடும்: உதடு இறுகும், மூக்கு விரியும், வாலை இடுக்கும், அடிக்கடி லத்தி போடும். கல்லாக நிற்பதையும் நம்பாதே, ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. குட்டிக்குச் சற்றுக் கூடும். அதன் சாதாரணக் கணக்கை லாயத்தில் சும்மா நிற்கும்போதே எழுதி வைத்துக்கொள்.

இதை நான் ஒரு குட்டியைக் கெடுத்துத்தான் கற்றேன். நீ நான்காம் வகுப்புப் படித்த வருடம். மாலைக்குள் பதினோரு குதிரை முடிக்க வேண்டும். ஒரு செம்பழுப்புக் குட்டியின் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மல்லுக்கட்டினேன், சரிந்து விழுந்தது. அடி ஒன்றுமில்லை. ஆனால் அதன் பிறகு என் பெட்டியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டாலே அதற்கு வியர்த்துக் கொட்டும், லாயத்துக்குள் சுற்றும். கடைசியில் பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு அரத்தை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு போவேன்.

லாடக்காரர் வர இன்னும் நாள் இருக்கிறது அல்லவா? தினமும் ஐந்து நிமிடம் போ. பழகிய குதிரை ஒன்று பக்கத்தில் நிற்கட்டும். நேர் பின்னாலும் நெற்றிக்கு நேரேயும் அதற்குக் கண் தெரியாது, தோள் பக்கமாகப் போ. பிடரி முடியும் இடத்தில் சொறிந்துவிடு. குதிரைகள் ஒன்றையொன்று கொறித்துவிடும் இடம் அது, நாடி தானாக இறங்கும். அங்கிருந்து கையைக் காலுக்கு இறக்கு. ஒரு கணம் தூக்க விட்டால் போதும், அது இழுக்கும் முன் நீயே விட்டுவிடு. இழுத்த பிறகு விட்டால், இழுத்தால் விடுவார்கள் என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி. கால் நின்று பழகிய பிறகு உள்ளங்கையால் குளம்பைத் தட்டு, அப்புறம்தான் அரம்.

மேலாளர் நேரம் தரமாட்டேன் என்றால் கொள்ளு வைக்கிற வேளையில் போய்க்கொள்.

அம்மா பருப்புப் பொடி அனுப்பியிருக்கிறாள். குட்டி எந்தக் காலை முதலில் கொடுத்தது என்று மறக்காமல் எழுது.

அப்பா