சாக்பீஸ் கோடு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் குட்டி பைக்தான் காரணம். மகனும் நானும் ஒருவழியாக அதை ஓட வைத்துவிட்டோம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டிருந்தாய். ஓட்டிப் பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். எஞ்சின் 212 சிசி. அதன் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவி நிமிடத்துக்கு 3600 சுற்றுக்கு மேல் விடாது. கிளட்ச் ஸ்பிராக்கெட்டில், அதாவது சங்கிலி ஓடும் பல்சக்கரத்தில், 12 பல், பின்சக்கரத்தில் 72. எஞ்சின் ஆறு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று, அதாவது நிமிடத்துக்கு 600. டயர் விட்டம் 14 அங்குலம் என்றால் சுற்றுக்கு 112 செ.மீ. மணிக்கு 40 கிலோமீட்டர் வந்துவிட்டது! மகன் துள்ளிக் குதித்தான்.

எனக்கு அந்த 14 அங்குலத்தில்தான் சந்தேகம். டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, நான் மேலே உட்கார்ந்துகொண்டு, அவனைத் தள்ளச் சொன்னேன். கோடு தரையைத் தொட்ட இடத்திலிருந்து மறுபடி தொட்ட இடம் வரை 108 செ.மீ.தான். என் பாரத்தில் டயர் அமுங்குகிறது (கிண்டல் வேண்டாம்). அதை வைத்துப் போட்டால் 38.9. சமதரையில் ஜிபிஎஸ் காட்டியது 37. பாரம் ஏறும்போது கவர்னர் சுற்றைக் கொஞ்சம் கீழேயே நிறுத்திவிடும், அதனால் எனக்கு இதில் ஆச்சரியமில்லை.

முன்னால் 14 பல் போடலாம் என்று மகன் நச்சரிக்கிறான். கணக்குப்படி 45 வரும். ஆனால் காற்று சும்மா விடுமா? வேகம் இரட்டித்தால் அதைக் கிழித்துப் போக எட்டு மடங்கு சக்தி வேண்டும். பல் கணக்கு சொல்வது உச்சவரம்பை மட்டும்தான், எஞ்சினுக்குத் தெம்பு இருந்தால்தான் அங்கே போய்ச் சேரும். அப்புறம் கிளட்ச். அது 2000 சுற்றில்தான் பிடிக்கத் தொடங்குகிறது. இப்போது அது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் வேகம். 14 பல் போட்டால் 25 ஆகிவிடும், அதுவரை உரசிக்கொண்டே போகும். இப்போதே சின்ன மேடு ஏறினால் கருகல் வாடை மூக்கைத் துளைக்கிறது.

கவர்னரைக் கழற்றிவிடு என்று நீ எழுதிய பக்கத்தை மகனிடம் காட்டவில்லை. எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம், ஃப்ளைவீல், வார்ப்பிரும்பு. சுற்று எல்லை மீறினால் சிதறிவிடலாம், அதுவும் காலுக்குப் பக்கத்திலேயே சுற்றுகிறது. பிரேக்கோ பின்சக்கரத்தில் மட்டும். இந்த விஷயத்தில் உன் பேச்சைக் கேட்பதாக இல்லை.

சரி, உன் வண்டியில் இரண்டு பக்கமும் எத்தனை பல் என்று எண்ணி எழுது. டயர் சுற்றளவையும் எழுது. நீயே மேலே உட்கார்ந்து அளந்து அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி