"முட்டு வலிக்கு" என்கிற பையனைக் களத்தில் இறக்காதீர்கள்

எங்கள் பக்கத்துக் கபடிக் குழுப் பொறுப்பாளர்களுக்கும் பி.டி. சார்களுக்கும்,

வணக்கம். ஆடி மாதக் கோயில் கொடையன்று ராத்திரி, உங்கள் கபடிப் போட்டியில் என் மூத்தவன் விழுந்தது உங்களுக்குத் தெரியும். அவனுக்கு 14 வயது. வலது முட்டுக்குக் கீழே இரண்டு ஸ்குரூ போட்டுப் படுத்திருக்கிறான்.

அன்று விழுந்ததற்காகக் கோபமில்லை. விளையாட்டென்றால் அடிபடும். அதற்கு முந்தைய மூன்று மாதம்தான் உறுத்துகிறது. முட்டுச் சில்லுக்கு இரண்டு விரல் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் காலை மட்டும் நீட்டியே வைத்திருப்பான். "ஒழுங்கா மடக்கி உக்காருல" என்று நானே அதட்டியிருக்கிறேன். களத்தில் சொன்னபோது அவனுக்குக் கிடைத்த பதில், "நடிக்கியால?" அப்புறம் பத்து தவளைப் பாய்ச்சல்.

வளர்கிற எலும்பின் முனையருகே குருத்தெலும்புத் தட்டு ஒன்று இருக்கிறது. கால் நீளுவதில் பெரும்பங்கு முட்டைச் சுற்றித்தான். மூட்டைக் கட்டியிருக்கும் நாரைவிட அந்தத் தட்டுக்கு வலு குறைவு. பெரியவர்களுக்கு நார் பிசகும் இடத்தில் பிள்ளைகளுக்குத் தட்டே விட்டுப்போகலாம். நாமோ சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவுகிறோம். கிடுகிடுவென உயரும் வயதில் எலும்பு முந்திவிடும், தொடைத் தசை எட்டாமல் விறைத்து நிற்கும். ஒவ்வொரு தாவலுக்கும் முட்டுக்குக் கீழே உள்ள குருத்தை அது பிடித்து இழுக்கும். வாழைக்குருத்தைத் தினம் இழுத்துப் பார்ப்போமா? ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானாக அடங்குகிற வலி இது. அதனால்தான் கேட்கிறேன்: வலிக்கு என்கிறவனை அன்றைக்கு இறக்காதீர்கள்.

நீங்கள் ஒரே ராத்திரியில் அவனை 45 கிலோ எடைப் பிரிவுக்கும் 55 கிலோ பிரிவுக்கும் இறக்கினீர்கள். மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் பொன்னாடை இருந்தது. பையன் காலுக்கு வைக்க ஐஸ் கட்டி இல்லை, சர்பத் கடைக்கு ஓடினோம். ஆனால் கோப்பை மட்டும் இடுப்பு உயரம்!

சரி, அதை விடுங்கள். சண்டைக்கு வரவில்லை. அடுத்த கொடைக்கு நோட்டீஸ் அடிக்கையில், ஒரு பையனுக்கு ஒரு எடைப் பிரிவுதான் என்று ஒரு வரி சேருங்கள். முட்டு வலிக்கு என்று எவன் சொன்னாலும், தயவுசெய்து, உட்கார வையுங்கள். இவன் தம்பியும் உங்களிடம்தான் பழக வருகிறான். 11 வயது.

இப்படிக்கு,
பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பன்