எங்களுக்காக வராதே மக்ளே

அன்புள்ள மக்ளே,

போனில் நீ சொன்னதிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். ஜெர்மனியில் இன்னும் இரண்டு வருஷம் போஸ்ட்டாக் (டாக்டர் பட்டத்துக்குப் பிறகு செய்கிற ஆராய்ச்சி), இல்லையென்றால் இங்கே பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் வேலை. கடைசியில் "உங்களுக்கும் வயசாகுது, பக்கத்துல இருந்தா நல்லதுல்லா" என்று இழுத்தாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவாய்.

எங்களுக்காக வராதே. அம்மைக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது. என் முட்டுவலி உன் கணக்கால் தீரப்போவதில்லை. தென்னையில் ஏற ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மைதான், அதற்கு நீ வந்தும் பிரயோஜனமில்லை. இங்கே உட்கார்ந்து உன் கணிதத்தைச் செய்யமுடியும் என்று தோன்றினால் வா, அப்படி வந்தால் எங்களைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இல்லை.

சின்ன ஊருக்குப் போனால் ஆராய்ச்சி படுத்துவிடும் என்று உன் கூட்டாளிகள் சொல்கிறார்களாமே. ராமானுஜனை இழுக்கப்போகிறேன் என்று பயப்படாதே, அவர் பெயரைச் சொன்னால் ஆளாளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது உன்னைப்போல எண் கோட்பாட்டுக்காரரான எஸ். எஸ். பிள்ளையை. அவர் பெயரில் இருக்கிற அனுமானத்தை நீ தினமும் பார்க்கிறவள், ஆனால் ஆள் யார் என்று நீ எப்போதாவது விசாரித்திருப்பாயா என்பது எனக்குச் சந்தேகம்.

குற்றாலம் பக்கத்து வல்லம். 1901-ல் பிறந்தவர். பிறந்து ஒரு வருஷத்தில் அம்மா போய்விட்டார், பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் அப்பாவும் போய்விட்டார். அதோடு படிப்பு நின்றிருக்க வேண்டியது. சாஸ்திரியார் என்று ஒரு வாத்தியார் தன் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்துப் படிக்கவைத்தார். அந்தக் காலத்து வாத்தியார் சம்பளம் என்ன பெரிசு இருந்திருக்கும் என்று எனக்கு ஊகிக்க முடியும், நானும் அந்த வேலையில்தானே இருந்தேன். அனுமானம் பிள்ளை பெயரில் இருக்கிறது, சாஸ்திரியாரை ஒருவருக்கும் தெரியாது, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அப்புறம் அந்தப் பையன் இன்டர்மீடியட் படிக்க வந்தது எங்கே தெரியுமா, நம்ம நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரிக்கு. அப்போது செங்கோட்டைப் பக்கமும் நம்ம பக்கமும் ஒரே திருவிதாங்கூர்தான், 1956 நவம்பர் 1-ல்தான் இரண்டும் சேர்ந்து இந்தப் பக்கம் வந்தன. வடசேரி பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும். அங்கிருந்து திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, பிறகு மெட்ராஸ், 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். பல்கலைக்கழகமே அந்த வருஷம் ஆரம்பித்ததுதான். பெரிய வேலையெல்லாம் அவர் செய்தது அந்தச் சிதம்பரத்தில் உட்கார்ந்துதான்.

வாரிங் கணக்கை அம்மைக்கு நான் விளக்கின கதையைக் கேள். "ஒரு கடையில 1 ரூவா, 64 ரூவா, 729 ரூவா, இப்படி ஒரே எண்ணை ஆறு தடவை வச்சுப் பெருக்குன ஆறாம் அடுக்கு எண்ணுகள்தான் காசு. 703 ரூவா குடுக்கணும், ரொம்பக் கொஞ்சம் காசுல குடு பாப்போம்" என்றேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கணக்குப் போட்டாள்: 729 பெரிசு, ஆகாது. 64 பத்து வைத்தால் 640, மிச்சம் 63 ஒற்றை ரூபாய், ஆக 73 காசு. "அவ்வளவுதான், எந்தத் தொகை வந்தாலும் 73-க்கு மேல காசு வேண்டாம்னு பிள்ளை 1940-ல் நிறுவினார்" என்றேன். அம்மை கீரைக் காம்பை முறத்தில் போட்டுவிட்டு, "இதுக்கா சம்பளம் குடுக்காவ?" என்றாள். நியாயமான கேள்விதான்.

எந்தத் தொகைக்கும் என்பதுதான் கஷ்டம் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2-இன் அடுக்கு, 3/2-இன் அடுக்கில் முழு எண் பகுதி, இரண்டையும் கூட்டி 2 கழி: ஆறாம் அடுக்குக்கு 64 + 11 − 2, அதாவது 73. ஏழும் அதற்கு மேலும் இந்தச் சூத்திரம், ஒரு நிபந்தனையோடு, 1936 வாக்கிலேயே பிள்ளை கையில் வந்துவிட்டது. அதே சமயம் அமெரிக்காவில் சிகாகோவில் டிக்சனும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். சிதம்பரத்துக்கும் சிகாகோவுக்கும் நடுவில் கப்பல் தபால்தான் இருந்த காலம், இதை உன் கூட்டாளிகளிடம் சொல். மிச்சமிருந்தது நாலு, ஐந்து, ஆறு. ஆறைப் பிள்ளை முடித்தார். ஐந்துக்கு 37 என்று சீனாவில் சென் ஜிங்ருன் முடிக்க 1964 ஆனது, நாலுக்கு 19 என்று நம்ம பாலசுப்பிரமணியன் இரண்டு பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து முடிக்க 1986 ஆனது. அடுக்கு சிறிதாகச் சிறிதாகக் கழுத்தை நெரிக்கிற கணக்கு.

கணிதக்காரர் யிடாங் ஜாங்கை உதாரணம் சொல்லி யாராவது உன்னைத் தேற்றினால் நம்பாதே. சாண்ட்விச் கடையில் வேலை பார்த்தவர், ஐம்பதைத் தாண்டியபின் 2013-ல் பகா எண் இடைவெளியில் அப்படி ஒரு முடிவைக் கொண்டுவந்தார், மகா ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஆயிரத்தில் ஒருவருக்கு நடப்பது, என் மகளுக்கு மாதாமாதம் சம்பளம் வரவேண்டும்.

பிள்ளைக்கும் இந்தப் பிழைப்புக் கவலை இருந்திருக்கும்தானே. 1941-ல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம், அடுத்த வருஷமே கல்கத்தா. லெவி என்று ஜெர்மனியிலிருந்து வந்த கணிதக்காரர் அங்கே இருந்தார், அவர் கூப்பிட்டுத்தான் போனார். சவ்லா என்ற இன்னொரு எண் கோட்பாட்டுக்காரரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைகளும் உண்டு. சிதம்பரத்தில் இருந்தாலும் மனுஷர் தனியாக இல்லை மக்ளே, எழுதினால் படித்துவிட்டுப் பதில் போட ஆள் இருந்தது. நீ பார்க்கவேண்டியது அதைத்தான்.

அதனால் அந்த வேலைக்குச் சரி சொல்லும் முன் சிலது கேள். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்று விதி, அதற்கு மேல் தேர்வுப் பணி, அட்மிஷன், அங்கீகாரக் குழு வரும்போது ஃபைல் கட்டுகிற வேலை என்று எவ்வளவு தலையில் விழும் என்று அங்கே ஏற்கெனவே இருக்கிற இளம் ஆசிரியர் யாரிடமாவது கேள், துறைத் தலைவரிடம் கேட்காதே, அவர் நல்லதாகத்தான் சொல்வார். ஆராய்ச்சி மாணவர் எப்போதிலிருந்து எடுக்கலாம்? வருஷத்தில் ஒரு மாதமாவது சென்னைக்கோ மும்பைக்கோ போய் உட்கார விடுவார்களா? அங்கேயோ பக்கத்திலேயோ எண் கோட்பாடு பேச ஒரே ஒரு ஆளாவது உண்டா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் யோசி.

பெரியப்பா கல்யாண வீட்டில் வைத்து "பிள்ளைக்கு இன்னும் படிப்பு தீரலையா" என்று கேட்டதை அம்மை உன்னிடம் சொல்லியிருப்பாள். அதை விடு. அவர் பேரன் நீட் எழுதுகிறான், அந்தப் படபடப்பில் இருக்கிறார்.

எஸ். எஸ். பிள்ளையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீயே தேடிப் படித்துவிட்டு ராத்திரி போன் பண்ணுவாய். பிரின்ஸ்டனில் ஒரு வருஷம் இருக்கக் கூப்பிட்டிருந்தார்கள், ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்கும் போகவேண்டியிருந்தது. 1950 ஆகஸ்ட் 31-ல் கெய்ரோ பக்கத்தில் விமானம் விழுந்தது. 55 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. வயது 49. அவர் பெயரில் இருக்கிற அந்த அனுமானம், வர்க்கம், கனம் மாதிரி அடுக்கெண்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் பற்றியதுதான்; அதில் வித்தியாசம் 1 என்பதற்கு மட்டும்தான் வழி பிறந்திருக்கிறது, 8-ம் 9-ம்தான், வேறு ஜோடி இல்லை என்று மிஹைலெஸ்கு 2002-ல் நிறுவினார். வித்தியாசம் 2 என்றால், 25-ம் 27-ம் மாதிரி, இன்னும் எத்தனை ஜோடி இருக்கும், அதற்கு ஒரு முடிவாவது உண்டா என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது என்று நீதானே போன தடவை சொன்னாய்.

அந்த வேலைக்குப் பதில் சொல்லக் கடைசித் தேதி என்றைக்கு என்று எழுது. ஏத்தங்காய் உப்பேரியும் முந்திரிக்கொத்தும் பார்சல் போட அம்மை தயாராக இருக்கிறாள், விலாசம் மாறப்போகிறதா என்று தெரியாமல் அனுப்பமாட்டேன் என்கிறாள்.

அப்பா
தக்கலை