நண்டைக் கொன்றது நான்தான்

திருகோணமலை,
ஆடி 20

அன்பின் சுதன்,

நலம். நீயும் பிள்ளைகளும் நலம் என்று உன் தங்கச்சி சொன்னாள், அதனால் அதைக் கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. மூன்று மாதமாகப் பதில் போடாததற்குக் கச்சானைச் சாட்டலாம் என்று பார்க்கிறேன். மறந்திருப்பாய். மலைநாட்டில் மழையையெல்லாம் கொட்டிவிட்டு, வெறும் சூட்டோடு எங்களிடம் வருகிற அதே காற்றுத்தான். பகல் பதினொரு மணிக்கு உப்புவெளி றோட்டில் நாய்கூட இல்லை.

உண்மையில் காரணம் நீ. ரிம்வேர்ல்ட் என்ற அந்தக் குடியேற்றக் கணினி விளையாட்டை என் தலையில் கட்டியவன் நீதானே. ரொறன்ரோக் குளிர் போதாதென்று நீ விளையாட்டிலும் பனிப்பாறையில் குடியேறினாய். "நீ வெயில்காரன், கடும் பாலைவனத்தை எடு பார்ப்போம்" என்று சவால் வேறு. எடுத்தேன். கப்பல் உடைந்து விழுந்த மூன்று பேருக்கும் நம்முடைய ஆட்களின் பெயரையே வைத்தேன்: நண்டு, பப்பா சேர், தவம். பப்பா சேர் அங்கேயும் ஒரு பெட்டி தூக்கமாட்டார். அவருக்கு அந்த வேலை வராது என்று விளையாட்டே எழுதிவிட்டது, நானல்ல.

பசி வருவதற்கு முன்னமே வெயில் வந்துவிட்டது. கரண்ட் வேண்டாத குளிரூட்டி ஒன்று இருக்கிறதல்லவா, அதற்கு 50 மரம் வேண்டும், 5 நாளில் தீர்ந்துவிடும். மரத்துக்கு எங்கே போவது? எட்ட எட்ட நிற்கிற கள்ளிகளை வெட்டப் போனால், வெட்டப் போனவனுக்கே வெயில் அடிக்கிறது. சரி, ஏசி பூட்டுவோம் என்று 90 இரும்பையும் 5 உதிரிப்பாகத்தையும் எப்படியோ சேர்த்தேன். 200 வாட்தானே, ஒரு சூரியத் தகடே தாராளம்.

அன்றைக்குத்தான் இரும்பு வெட்டப்போன நண்டு சுருண்டு விழுந்தான். தவம் தூக்கிவந்து கட்டிலில் போட்டான். மருந்து கையில் இருந்தும் பயனில்லை மச்சான், இந்த விளையாட்டில் வெப்பத்தாக்கத்துக்கு மருந்து கட்ட முடியாது. குளிரான இடத்தில் கிடத்தினால்தான் மெல்ல இறங்கும். ஏசி ஓடுகிறது, அறைக்குள் 41, 46, 52 என்று ஏறுகிறது. பதறிப்போய் இன்னொன்று பூட்டினேன். இன்னும் வேகமாக ஏறியது. அப்புறம்தான் கண்ணில் பட்டது. குளிர் வருகிற நீலப் பக்கம் முற்றத்தைப் பார்த்து, சூடு கக்குகிற சிவப்புப் பக்கம் நண்டின் தலைமாட்டில். அவனை அவித்துக்கொண்டு பாலைவனத்துக்கு ஏசி போட்டிருக்கிறேன்! ஆள் முடிந்துவிட்டான். கொஞ்சம் தள்ளி நிலத்திலிருந்து நீராவி சீறுகிற இடம் ஒன்று இருந்தது, பார்த்தால் நம்முடைய கன்னியா வெந்நீரூற்று மாதிரி. செத்தவனுக்கு அந்தியேட்டி செய்ய அங்கே அலையவேண்டாமே என்று அதன் பக்கத்திலேயே புதைத்தேன்.

இரண்டாவது குடியேற்றத்தில் புத்தி வந்தது. மலையைக் குடைந்து உள்ளே போனேன், குளிர்ச்சிதான். ஆனால் மலைக்கூரைக்குக் கீழே பூச்சிக்கூட்டம் கிளம்பும் என்று ஏன் நீ சொல்லவில்லை, துரோகி? நேர அட்டவணையில் மத்தியானக் கட்டங்களையெல்லாம் தூக்கத்தின் நிறத்துக்கு மாற்றி, வெளிவேலையை இரவுக்குத் தள்ளினேன். வெப்ப அலை வந்து 17 பாகை ஏற்றியபோதும் ஒருவரும் சாகவில்லை. அதிலே கொஞ்சம் தலைக்கனம் பிடித்துத் திரிந்தேன்.

போன ஞாயிறு நிஜ நண்டு பாரை மீனோடு வந்தான். அவனைக் கொன்ற கதையைச் சொன்னேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, தானும் பார்க்கத் தொடங்கினான். அன்றைக்குப் பார்த்து விளையாட்டில் சூரியப் புயல், கரண்ட் முழுக்கப் போய்விட்டது. தவம் தள்ளாடித் தள்ளாடி நடந்து வாசலில் விழுந்தான். நண்டின் சிரிப்பு நின்றது. "இப்பிடித்தான் எனக்கும் இருந்தது" என்றான், திரையைப் பார்த்தபடியே.

போன மாதமாம். நிலாவெளிப் பக்கம் ஒரு மண்டபத்துக்குத் தகரம் அடித்திருக்கிறான், உச்சி வெயிலில். வேர்ப்பது நின்றுவிட்டதாம். சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே "எங்கேடா சுத்தியல்" என்று கீழே நின்ற பெடியனை ஏசியிருக்கிறான். அந்தப் பெடியன்தான் சுதாகரித்துக்கொண்டு ஏணியில் ஏறி ஆளை இறக்கி, நிழலில் கிடத்தி, கிணற்றிலிருந்து வாளி வாளியாக ஊற்றியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சேலைன். கொன்ராக்டர் விழுந்த நாளுக்கு அரைச் சம்பளம் வெட்டிவிட்டானாம். இதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

மனிசிக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறான். உனக்கும் சொல்லவேண்டாம் என்றான், அதுதான் சொல்கிறேன்.

விடிய ஐந்து மணிக்குத் தொடங்கு, பத்தரைக்கு இறங்கு, பின்னேரம் திரும்ப ஏறு என்று நான் பெரிய மனிதன் மாதிரி அட்டவணையைக் காட்டி விளங்கப்படுத்தினேன். "உன்ர ஆக்களுக்கு நீ நிறத்தை மாத்தினால் படுப்பாங்கள். என்ர கொன்ராக்டருக்கு எந்தக் கட்டத்தை அமத்திறது?" என்றான். எனக்கு வாய் வரவில்லை. அடுத்த நாள் காலையிலேயே அவன் வேறொரு கூரையில்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவின் வீட்டுக்குப் பின்பத்தி போடவேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்கிறாய். அதை நண்டிடம் கொடு. கொன்ராக்டர் வேண்டாம், நேரே அவனோடு பேசு. மத்தியானம் அப்பா படுக்கிற நேரம், பதினொன்றிலிருந்து மூன்றரை வரை ஒரு சத்தமும் கேட்கக்கூடாது என்று கறாராகச் சொல். பரிதாபப்படுகிற மாதிரி ஒரு சொல் வாயில் வந்தாலும் வேலையை விட்டுவிட்டுப் போய்விடுவான், அவனை உனக்குத் தெரியும். அப்பாவிடம் நான் ஏற்கனவே கதைத்துவிட்டேன். அவருக்கு மத்தியானத்தில் தூக்கமே வருவதில்லையாம், ஆனாலும் படுத்துக்கிடக்கச் சம்மதம்.

பாரை மீனில் உன் பங்கையும் நானே தின்றேன். புதுக் குடியேற்றத்தில் சுதன் என்று ஒருவனைச் சேர்த்திருக்கிறேன், கள்ளி வெட்டுகிற வேலை அவனுக்குத்தான். இந்தக் கிழமைக்குள் நண்டுக்குப் போன் எடு.

உன்
மச்சான்