ஊருக்கு வெளியே இருக்கும் புதுச்சேரி

அன்பு மகளுக்கு,

டிசம்பர் விடுமுறையில் குழந்தைகளுக்குப் புதுச்சேரியை எப்படிக் காட்டுவது என்று கேட்டு எழுதியிருந்தாய். லியோன் நகரத்தில் பழைய கல் வீடுகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு இங்கே பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர்களும் பிரெஞ்சுத் தெருப்பெயர்களும் புதிதாகத் தோன்றாதே என்ற உன் கவலை நியாயமானது. அந்தத் தெருக்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். மீதி நாட்களில் விடியற்காலையில் கிளம்பி ஊரை விட்டு வெளியே போவோம். இந்த ஊர் ஏன் இங்கே அமைந்தது, எதைக் குடித்து வளர்ந்தது, எந்தக் கல்லை எடுத்துத் தன்னை அலங்கரித்துக்கொண்டது என்பதற்கெல்லாம் விடை வெளியேதான் இருக்கிறது.

1674-இல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே வந்து பிரெஞ்சுக் குடியேற்றத்தை நிறுவினார் என்று பள்ளியில் படித்திருப்பாய். ஆனால் 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டதால், நாம் பழமை என்று போற்றும் வெள்ளை நகரத்தின் வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பின் எழுந்தவையே. அவற்றைவிடப் பல நூற்றாண்டுகள் முந்தைய இடங்கள் அரை மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் காலால் நடந்து அறிய வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் அரிக்கமேட்டுக்குப் போவோம். அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், காக்காயந்தோப்புக்கு அருகில், மரங்கள் அடர்ந்த ஒரு மேடுதான் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் கிறித்தவப் பாதிரிமார் எழுப்பிய கட்டடத்தின் சிதைந்த செங்கல் சுவர்களைத் தவிர அங்கே கண்ணில் படுவதற்கு அதிகம் எதுவும் இல்லை. தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். இருந்தாலும் அங்கே போகாமல் இருக்கக் கூடாது. 1930-களில் இங்கே கல்லூரியில் பணியாற்றிய ழுவோ துப்ராய், அந்த மேட்டில் கிடைத்த, உரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் உருவம் செதுக்கியதாகக் கருதப்பட்ட ஒரு மணிக்கல்லைக் கண்டு இது சாதாரண இடமல்ல என்று உணர்ந்தார். 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது இத்தாலியில் செய்த சிவப்பு மட்பாண்டங்களும், மதுவும் எண்ணெயும் வந்திறங்கிய ஜாடிகளின் துண்டுகளும் வெளிப்பட்டன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்று முகத்தில் மரக்கலங்கள் வந்து நின்றிருக்கின்றன. மணி செய்யும் தொழில் நடந்திருக்கிறது. ஐரோப்பியர் இந்தக் கடற்கரையை முதன்முதலில் தேடி வந்தது பதினேழாம் நூற்றாண்டில் அல்ல என்பதை, அந்த ஆற்றங்கரையில் நின்று நீயே பிள்ளைகளுக்குச் சொல். திரும்பும் வழியில் பாரதி பூங்காவை ஒட்டியுள்ள அருங்காட்சியகத்தில் அந்த ஓடுகளையும் மணிகளையும் காட்டிவிடலாம். மேட்டைப் பார்த்த பிறகு பார்த்தால்தான் அவற்றுக்கு உயிர் வரும்.

பூங்காவின் நடுவே உள்ள ஆயி மண்டபத்தை நீ சிறுமியாக இருந்தபோதே அறிவாய். தன் மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் மக்களுக்காகக் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் நினைவாக, பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்டது அது. அந்தக் குளம் இருந்த, மேற்கே உள்ள முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த வேலையோடு சேர்ந்தது அந்தக் கதை. கடலோரத்தில் உவர்நீரோடு தவித்த வெள்ளை நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொடுத்தது ஊருக்கு வெளியே இருந்த ஒரு தமிழ்க் கிராமம். இதை நினைவில் வைத்துக்கொண்டு, மறுநாள் அதே மேற்குத் திசையில் ஊசுட்டேரிக்குப் போவோம்.

மார்கழியில் ஏரி நிரம்பியிருக்கும். சூரியன் ஏறுவதற்கு முன் கரையில் நின்றால் நாமக்கோழிகள் கூட்டங்கூட்டமாக நீந்துவதையும், பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீருக்கு மேலே நீட்டிச் செல்வதையும், நத்தைகுத்தி நாரைகள் சேற்றோரத்தில் பொறுமையாக இரை தேடுவதையும் பார்க்கலாம். இந்த ஏரியின் ஒரு பகுதி புதுச்சேரிக்கும் மறுபகுதி தமிழ்நாட்டுக்கும் உரியது. இரண்டு அரசுகளும் தத்தம் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்கின்றன. பறவைகள் எல்லை பார்ப்பதில்லை என்பதால், இரு தரப்பும் சேர்ந்து காத்தால்தான் இந்த நீர் நிலைக்கும். கரையோரம் மனைகளாக மாறிவருவதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

தெற்கே பாகூருக்கு ஒரு மாலையை ஒதுக்கினால் போதும். பெரிய ஏரி, மூலநாதர் கோயில், சுற்றிலும் வயல்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் அங்கிருந்த கல்விச்சாலைக்கு ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைச் செப்பேடு கூறுகிறது.

திருவக்கரைக்கு மட்டும் ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும். வடமேற்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அங்கே செம்மண் ஓடைகளுக்கு நடுவே கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த அடிமரங்களுக்குள், காலப்போக்கில் மணற்சத்து ஊறி மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வடிவம் மரமாகவும் பொருள் கல்லாகவும் நிற்கிறது. வேரும் கிளையும் இல்லாமல் வெறும் அடிமரங்களாகவே படுத்துக் கிடப்பதால்தான், அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, நீரில் வந்தவை என்று அறிகிறார்கள். 1781-இல் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை அறிஞர் இவற்றைப் பற்றி முதலில் எழுதினார். உன் மகன் கற்கள் சேர்ப்பவன் என்பதால் முன்கூட்டியே சொல்லி வை: அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. பௌர்ணமியன்று வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பெருங்கூட்டம் வரும். அந்த நாளைத் தவிர்ப்போம்.

செஞ்சிக் கோட்டைக்கு விடியும் முன்பே வண்டி கிளம்ப வேண்டும். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் வேலைப்பாடு மிக்க கருங்கல் தூண்களை முந்தைய நாள் மாலை பிள்ளைகளுக்குக் காட்டிவிடு. அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை. அங்குள்ள வேங்கடரமணர் கோயிலைச் சேர்ந்தவை என்று சொல்லப்படுகிறது. 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புய்சியின் படை செஞ்சியைக் கைப்பற்றியது; 1761 வரை கோட்டை அவர்கள் கையில் இருந்தது. அந்தக் கோட்டையின் கிழக்கு வாயிலுக்கு இன்றும் புதுச்சேரி வாயில் என்றே பெயர். அந்த வாயிலுக்கு அருகில்தான் வேங்கடரமணர் கோயில் இருக்கிறது. நம் கடற்கரையில் மாலைக் காற்று வாங்குபவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தூண்கள் பிரிந்து வந்த இடம் தெரியும்? நம் பிள்ளைகளுக்காவது தெரியட்டும்.

கோட்டை மூன்று குன்றுகளைச் சுற்றி வளைத்தது. ராஜகிரி ஏறத்தாழ எண்ணூறு அடி, படிகள் செங்குத்தானவை, உச்சிக்கு முன்னால் ஒரு பிளவின் மேல் பாலம் கடக்க வேண்டும். சிவாஜி 1677-இல் இதைப் பிடித்தார்; அவர் மகன் ராஜாராம் இங்கே இருந்தபோது முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. அந்தப் படிகளில் ஏறியவர்களுக்கு முற்றுகை ஏன் அத்தனை ஆண்டு நீண்டது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மராத்தியக் கோட்டைகளுள் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றே. பேத்தியும் நானும் கல்யாண மகால், களஞ்சியம், ஆனைக்குளம் என்று கீழேயே இருந்துகொள்கிறோம். குரங்குகள் பறித்துவிடும் என்பதால் கட்டுச்சோற்றை வண்டியிலேயே வைத்துவிட வேண்டும். தண்ணீரை மட்டும் ஆளுக்கொரு புட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரமிருந்தால் ஒரு நாள் சிதம்பரத்தை ஒட்டிய பிச்சாவரம் அலையாத்திக் காடு. துடுப்புப் படகில்தான் போக வேண்டும். மோட்டார் படகு நுழையாத குறுகிய வாய்க்கால்களில்தான் சுரபுன்னையின் வேர்கள் இருபுறமும் நெருங்கி வர, கிளைகள் தலைக்கு மேலே பந்தலிடுகின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் அங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கிளையை ஒடிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்.

எல்லோருக்கும் அடிப்பகுதி வழுக்காத காலணியும் தொப்பியும் எடுத்து வா. மழை இன்னும் முற்றிலும் விட்டிருக்காது என்பதால் மெல்லிய மழையங்கியும் வேண்டும். தொலைநோக்கி இங்கே இருக்கிறது. மாப்பிள்ளைக்கு ராஜகிரி உச்சிவரை ஏற விருப்பமா என்று கேட்டு அடுத்த கடிதத்தில் எழுது. அதை வைத்துத்தான் செஞ்சிக்கான நாளைக் குறித்து வண்டி சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா