கரிக்கிற தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். கரைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். பேதியில் உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். கரைசலை வீட்டிலேயே தயாரிக்க, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று எழுதியிருந்தீர்கள். அளவு சரிதான். எந்தத் தண்ணீர் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம் என்று எங்கள் கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். காவிரிக் குழாயில் தண்ணீர் வராத நாளில் சில வீடுகளில் அதையே காய்ச்சிக் கொடுக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். அதில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைத்தால் பிள்ளையின் உடம்பில் சோடியம் ஏறிவிடும். தாகம் அடங்காமல் அழும், முற்றினால் வலிப்பே வரும். காவிரித் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொள்ளும் நல்ல தண்ணீர், இவற்றில் ஒன்றைப் பிள்ளைக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். ஊற்றுத் தண்ணீரைக் கட்டாயம் காய்ச்சி ஆற வைக்க வேண்டும். கலக்கியதும் நாக்கில் விட்டுப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொடுக்க வேண்டாம்.

பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான். காலி லிட்டர் பாட்டிலைக் கழுவி வைத்துக்கொண்டால் அளவு தப்பாது. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கஞ்சியும் கொடுக்கலாம், ஆனால் கரிக்கிற தண்ணீரில் காய்ச்சிய கஞ்சி வேண்டாம். அப்புறம், கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்பு பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது, சர்க்கரை மிகுந்து பேதியைக் கூட்டும். சரியான சேர்மானம் இல்லாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது.

சாப்பிட்டது வயிற்றில் சிக்கிவிட்டது என்று நம்பி, நாட்டு வைத்தியரிடம் தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு ஓடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பிள்ளை மேல் உள்ள பதைப்பில்தான் ஓடுகிறார்கள், புரிகிறது. ஆனால் உடம்பில் நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது அந்த நேரம் வீண். கண் குழிந்து, மூத்திரம் போகாமல், துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குடிக்கவே முடியாவிட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்.ஸும் 14 நாள் கொடுக்க வேண்டிய துத்தநாக மாத்திரையும் இலவசம். பேதி நின்றுவிட்டாலும் மாத்திரையை முழுதாகக் கொடுக்க வேண்டும். சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள்: கடலோர ஊர்களில் பாக்கெட்டைக் கையில் கொடுக்கும்போதே, "வீட்டில் என்ன தண்ணீர்?" என்று செவிலியர்கள் கேட்க வேண்டும். குழாயில் தண்ணீர் வராத தெருக்களில், பேதி கண்ட வீட்டுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீராவது ஊராட்சி கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
ராமநாதபுரம் மாவட்டம்.