தொலைதூர ஓட்டப் பயிற்சிக்கு மாத நன்கொடை: ஊர் மக்களுக்கும் வெளியூர்ச் சொந்தங்களுக்கும் வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு எந்தச் சாலையில் போனாலும் நாலு பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். பலருக்கு போலீஸ் செலக்‌ஷன்தான் குறி. 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். வேலை கிடைத்தால் ஒரு குடும்பம் நிமிரும், அவர்கள் ஓட்டும் மதிப்புள்ளதுதான். ஆனால் அவர்களுக்குப் பின்னால், செருப்பைக் கரையில் விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடிவரும் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 3000, 5000 மீட்டரில் ஆர்வமும் தெம்பும் உள்ள அந்த 22 பிள்ளைகளுக்காகத்தான் இந்த வேண்டுகோள்.

இந்த மண்ணில் இது நடக்காத காரியமல்ல. 2016இல் குவாஹாட்டியில் நடந்த தெற்காசியப் போட்டியில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர் நம் மாவட்டத்து சூர்யா. மறு ஆண்டு புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் அதே இரண்டு ஓட்டங்களிலும் தங்கம் வாங்கியவர் நம் லட்சுமணன். இவர்களைப் பார்த்து ஓட வந்த பிள்ளைகள் ஏராளம். அவர்களில் எத்தனை பேர் இருபது வயதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று யோசித்தால்தான் மனம் கனக்கிறது.

பெரும்பாலும் நடப்பது இதுதான். பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை நன்றாக ஓடுகிறது. குறுவட்டப் போட்டியில் முதலிடம், மாவட்டத்தில் முதலிடம். உடனே தினமும் முழு வேகத்தில் ஓடச் சொல்கிறோம், ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு விரட்டுகிறோம். இரண்டு வருடம் டைமிங் குறைந்துகொண்டே வரும். பிறகு முன்னங்கால் எலும்பில் வலி வரும், அல்லது காரணம் தெரியாத சோர்வு வரும். பதினேழு வயதில் அந்தப் பிள்ளை மைதானப் பக்கமே வருவதில்லை.

நெஞ்சும் நுரையீரலும் பயிற்சிக்குச் சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் அப்படியல்ல, அவை உரம் ஏற மாதங்களும் வருடங்களும் பிடிக்கும். மூச்சு தாங்குகிறதே என்று தூரத்தைக் கூட்டினால் கால் உடைகிறது. நீண்ட தூரத்துக்குத் தேவையான தாக்குப்பிடிக்கும் சக்தியோ பெரும்பாலும் நிதான ஓட்டத்தில்தான் வளர்கிறது. பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சிரைக்காமல் பேச முடிகிற வேகம் போதும். அந்த வேகத்தில் வாரக்கணக்கில், வருடக்கணக்கில் ஓடும்போது தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் புதிதாகக் கிளைக்கின்றன, உணவைச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகின்றன. இதற்குக் குறுக்குவழி கிடையாது. வேக ஓட்டமும் வேண்டும், ஆனால் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு நாள்தான். மற்ற நாட்களில் பிள்ளையை வேகம் கூட்டவிடாமல் பிடித்து வைப்பதுதான் பயிற்சியாளரின் வேலை. அதற்கு விவரமும் பொறுமையும் உள்ள ஒருவர் தினமும் கூடவே நிற்க வேண்டும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட், தன் வட்டாரத்துப் பையன்களைத்தான் ஓடப் பழக்கினார். 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லைக்கூட மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓட வைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், மரே ஹால்பர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். மாரத்தானில் பாரி மேகிக்கு வெண்கலம். மூவரும் ஒரே ஆளிடம் பழகியவர்கள். பெரிய ஸ்டேடியம் அல்ல, நல்ல பயிற்சியாளரும் போதிய வருடங்களும்தான் முதலில் வேண்டும் என்று நாங்கள் உறுதியாக நம்புவது இதனால்தான். 2025இல் 5000 மீட்டரை 12 நிமிடம் 59.77 விநாடியில் முடித்து, 13 நிமிடத்துக்குள் ஓடிய முதல் இந்தியர் ஆன குல்வீர் சிங்கும் இருபத்தைந்தைத் தாண்டிய பிறகே அதை எட்டினார். நம் பிள்ளைகளுக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது.

ஆகவே, ஒரே தடவை கொடுக்கும் பெரிய தொகையைவிட, மாதாமாதம் வரும் சிறிய தொகையையே முதலில் கேட்கிறோம். பயிற்சியாளருக்கு மாதம் 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும். இதுவரை அவர் பெட்ரோல் காசுகூட வாங்காமல் வருகிறார், எத்தனை நாளைக்கு அப்படிக் கேட்பது? காலைப் பயிற்சி முடிந்ததும் இரண்டு முட்டை, சுண்டல் அல்லது நிலக்கடலை, ஒரு வாழைப்பழம் என்று பிள்ளைக்கு நாளொன்றுக்கு 25 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 22 பேருக்கும் சேர்த்து 14,300. சில பிள்ளைகள் வெறும் டீயோடு வருகிறார்கள். வெறும் வயிற்றில் ஓடவிட்டு டைமிங் கேட்பது நியாயமே இல்லை. மாதம் 200 ரூபாய் தர 150 பேர் முன்வந்தால் இந்த இரண்டும் நிற்காமல் நடக்கும். குறைந்தது மூன்று வருடத்துக்கு ஒப்புக்கொள்ளுங்கள் என்பதுதான் எங்கள் மன்றாட்டு.

பெண் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்ய நினைக்கிறோம். இரும்புச்சத்து மிகவும் குறைந்தால் ரத்தம் போதிய ஆக்சிஜனைச் சுமக்காது, எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் ஓட்டம் முன்னேறாது. அதைச் சோம்பல் என்று திட்டிவிடுகிறோம். சாப்பாடு போதாமல் ஓடினால் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பும் பலவீனமாகும். இதைப் பிள்ளைகளோடு கூச்சமில்லாமல் பேச ஒரு பெண் மருத்துவர் வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது டாக்டராக இருந்தால், பணத்தைவிட உங்கள் ஒரு காலைப்பொழுது பெரிது.

அடுத்தது டிராக். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் லட்சுமணன் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், ஓடும்போது உள்கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததற்காக வெண்கலம் பறிபோனது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அனுபவசாலிக்கே அப்படி நேரும் என்றால், தார்ச்சாலையிலும் கண்மாய்க்கரையிலும் மட்டுமே ஓடிய பிள்ளை 25 சுற்றும் நெரிசலில் கோட்டை ஒட்டி ஓட எங்கே பழகும்? ஊராட்சி அனுமதித்திருக்கும் பொது நிலத்தில் 400 மீட்டர் செம்மண் டிராக், நான்கு லேன், உள்விளிம்புக்குச் செங்கல் வரிசை என்று திட்டமிட்டிருக்கிறோம். சிந்தெடிக் வேண்டாம், செம்மண் காலுக்கும் இதம். ஜேசிபி, மண், ரோலர், மழைநீர் வடிய வாய்க்கால் எல்லாம் சேர்த்து 3,50,000 ரூபாய் ஆகும். மொத்தமாகத் தர நினைப்பவர்கள் இதற்குத் தாருங்கள். ஜேசிபி, டிராக்டர் வைத்திருப்பவர்கள் ஒரு நாள் வண்டியாகவும் தரலாம்.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் அண்ணன்மார்களே, ஊருக்கு வரும்போது நல்ல நிலையில் உள்ள ஓட்ட ஷூக்கள் இருந்தால் கொண்டுவாருங்கள். 5 முதல் 8 வரையான சைஸ்தான் அதிகம் தேவை.

பணத்தைக் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள், யார் கையிலும் ரொக்கமாகத் தர வேண்டாம். கணக்கு விவரம் பொருளாளரிடம் கிடைக்கும். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. மாதம் முதல் ஞாயிறன்று வரவு செலவு ஊராட்சி மன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பேனரிலோ ஷூவிலோ நன்கொடையாளர் பெயர் போட மாட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை ஐந்து மணிக்குக் கண்மாய்க்கரையில் பயிற்சி நடக்கிறது. நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்ய நினைத்தால் தாராளமாக வரலாம்.

இப்படிக்கு,
ஓட்டப் பயிற்சிக் குழுவினர்